கலிங்குப் பலகையும் ஆகாயத்தாமரையும்

சிங்கப்பூரில் எங்கள் கூட்டுரிமை வீட்டு வளாகத்தின் நடுவில் ஒரு குளம் இருக்கிறது. விற்பனைப் பிரசுரத்தில் அதற்கு ‘ஏரி’ என்று பெயர். ஏரியைப் பார்த்த வீடு என்றால் விலையும் தனி. நான் அளந்து பார்த்தேன்: 1,100 சதுர மீட்டர், மிக ஆழமான இடத்தில் 1.4 மீட்டர். சிவகங்கைப் பக்கம் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் இதை ஊருணி என்று சொல்வதற்கே யோசிப்பார்கள். கப்பல் பட்டறையில் 28 ஆண்டுகள் குழாயோடும் வால்வோடும் மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவன் என்பது தெரிந்ததும், நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவர், “இதை நீங்கள் பாருங்கள் அண்ணே” என்று என் தலையில் கட்டிவிட்டார். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

என் தலையில் கட்டியது டிசம்பரில். அதற்கு முந்திய வாரம் ஒரு மாலை, வடகிழக்குப் பருவமழை ஒரு மணிநேரத்துக்கு மேல் கொட்டித் தீர்த்தது. குளம் நிரம்பி, நடைபாதையில் ஏறி, கீழ்த்தளக் கார் நிறுத்தத்தின் சரிவுவரை வந்துவிட்டது. பாதுகாவலர் மணல்மூட்டை தேடி ஓடினார். மறுநாள் சுவரில் படிந்திருந்த சேற்றுக்கோட்டை அளந்தேன். வழக்கமான மட்டத்துக்கு மேல் 19 சென்டிமீட்டர்.

காரணம் கண்ணுக்கு எதிரே மிதந்துகொண்டிருந்தது. குளத்தின் கிழக்கு மூலையில் ஒரு கான்கிரீட் தொட்டி. அதன் வாயில் 15 சென்டிமீட்டர் உயரப் பலகைகள் மூன்று, ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகியிருக்கும். மேல் பலகையைத் தாண்டும் தண்ணீர் தொட்டிக்குள் விழுந்து வடிகாலுக்குப் போய்விடும். ஊரில் இதற்குக் கலிங்கு என்று பெயர். கலிங்கின் முன்னே ஒரு தட்டையான கம்பிச் சல்லடை. அந்தச் சல்லடையில் ஆகாயத்தாமரை ஆள் உயரத்துக்குக் குவிந்து, மெத்தை போட்டதுபோல் அடைத்துக்கொண்டிருந்தது.

ஆகாயத்தாமரை என்று பொதுவாகச் சொல்வது இரண்டு செடிகளை. ஒன்று முட்டைக்கோசு விரித்ததுபோல் பச்சையாக மிதப்பது. மற்றது இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பி, ஊதாப் பூ பூப்பது. வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். எங்கள் குளத்தில் இருந்தது இரண்டாவது. அமேசான் படுகையிலிருந்து உலகமெல்லாம் போன செடி அது. வெயிலும் சத்தும் இருந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். யாரோ பூ அழகாயிருக்கிறதென்று நர்சரியிலிருந்து நான்கு செடி வாங்கிவந்து விட்டிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும்; மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொல்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூரை, நடைபாதை என்று சுமார் 4,000 சதுர மீட்டரின் மழைநீர் இந்தக் குளத்தில்தான் வந்து விழுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் வெளியிலிருந்து 200,000 லிட்டர், குளத்தின் மேலேயே விழுவது 55,000 லிட்டர். கலிங்கு அடைத்திருந்தால் மட்டம் 23 சென்டிமீட்டர் ஏறும். சுவரில் கண்ட 19 சென்டிமீட்டர் பொய் சொல்லவில்லை.

முதல் வேலை, செடியை அள்ளுவது. வளாகத்தின் தோட்டவேலைக்கு வரும் தம்பி ஒருவர், இராமநாதபுரம் பக்கம். மண்வாரியும் நைலான் வலையுமாக இருவரும் நான்கு காலைகள் இழுத்தோம். வயலுக்குப் போடும் முழங்கால் ரப்பர் காலணி, கையுறை இரண்டும் கட்டாயம்; எலி நடமாடும் தண்ணீரில் கீறல்பட்ட காலோடு இறங்கக்கூடாது. அள்ளியதை உடனே வண்டியில் ஏற்றினால் கனம் தாங்காது. எடையில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். கரையிலேயே ஒரு நாள் குவித்துவைத்தால் பாதி வற்றிவிடும், செடியோடு வந்த மீன்குஞ்சும் தவளையும் தாமாகவே தண்ணீருக்குத் திரும்பிவிடும். எங்களுக்கு மூன்றாம் நாள்தான் இது புரிந்தது. முதல் இரண்டு நாளும் தண்ணீரைத்தான் சுமந்தோம்.

இரண்டாவது வேலை, மிதவைத் தடுப்பு. 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் மூன்று துண்டு. இரு முனையிலும் மூடிபோட்டுப் பசை வைத்து அடைத்து, நைலான் கயிற்றால் கோத்து, அடியில் நிழல்வலையை 15 சென்டிமீட்டர் பாவாடைபோல் தொங்கவிட்டு, கலிங்கின் முன்னே அரைவட்டமாக நிறுத்தினேன். மிதப்பதைக் குழாய் தடுக்கும், தண்ணீர் அடியில் போகும். எல்லாம் சேர்த்து 140 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கட்டிய விதத்தில்தான் கோட்டைவிட்டேன். இரு முனையையும் சுவரில் இறுக்கிக் கட்டியிருந்தேன். பிப்ரவரியில் மட்டம் இறங்கியபோது குழாய் அந்தரத்தில் தொங்க, மிச்சமிருந்த செடிகள் அதன் கீழே குனிந்துகூடப் போகாமல் நேராகப் போயின. இப்போது இரு முனையிலும் செங்குத்தாக ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குழாய் நட்டு, வளையத்தில் கோத்திருக்கிறேன். மட்டம் ஏறினால் வளையமும் ஏறும்.

வடிகாலுக்குள் இறங்கும் பக்கத்தில் நான் கை வைக்கவில்லை. அது பொது வடிகாலோடு சேர்கிறது, அனுமதியில்லாமல் தொடக்கூடாது.

பிப்ரவரி பிறந்ததும் அடுத்த புகார். குளம் வற்றுகிறது, கரையில் வெள்ளைக்கோடு தெரிகிறது, படம் எடுத்தால் அசிங்கமாயிருக்கிறது. கூடவே தண்ணீர்க் கட்டணம் எகிறியிருந்தது. மட்டம் இறங்கினால் மிதவை வால்வு திறந்து குழாய்த் தண்ணீரை விடும். கழிப்பறைத் தொட்டியில் இருப்பதன் பெரிய அண்ணன். இங்கே பிப்ரவரி வறண்ட மாதம் என்பது எல்லாரும் அறிந்தது. 2014ஆம் ஆண்டின் பிப்ரவரி, 1869ஆம் ஆண்டிலிருந்து வைத்திருக்கும் மழைப் பதிவில் மிக வறண்ட மாதம். ஆனால் இந்த ஆண்டு அப்படியொன்றும் இல்லை. நிர்வாகக் குழு வரவழைத்த ஒப்பந்தக்காரர் குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, அடியில் விரித்திருக்கும் நெகிழித் தாள் கிழிந்துவிட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகையில் ஒரு நல்ல காரின் கால்பங்கு வாங்கலாம். தாளை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாளி போதும் என்றேன். சிரித்தார்கள்.

முறை இதுதான். ஆழமில்லாத படியில் இரண்டு செங்கல் வைத்து, அதன்மேல் ஒரு வெள்ளை வாளி. வாளிக்குள் குளத்துத் தண்ணீரையே ஊற்றி, உள்ளே இருக்கும் மட்டமும் வெளியே இருக்கும் மட்டமும் ஒன்றாக நிற்கும்படி செய்ய வேண்டும். உள்ளே ஒரு பென்சில் கோடு, வெளியே ஒரு பென்சில் கோடு. வாளி குளத்துக்குள்ளேயே நிற்பதால் சூடும் காற்றும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவு இறங்கும். வெளிக்கோடு கூடுதலாக இறங்கினால் அந்த வித்தியாசம் கசிவு. மிதவை வால்வைக் கட்டாயம் மூடிவிட வேண்டும். மழை பெய்து கூரைத் தண்ணீர் குளத்துக்குள் வந்துவிட்டால் கணக்கு செல்லாது, மறுபடி தொடங்க வேண்டும்.

மூன்று நாள் மழையில்லை. வாளிக்குள் 13 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, வெளியே 40. வித்தியாசம் 27, நாளுக்கு 9. இந்தக் குளத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 1,100 லிட்டர். ஆக நாளொன்றுக்கு 9,900 லிட்டர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கன மீட்டருக்கு 3 வெள்ளிக்கு மேல் கட்டுகிறோம்; மாதத்துக்கு 900 வெள்ளியைத் தாண்டும்.

அடுத்த மூன்று நாள் செயற்கை அருவியின் பம்பை நிறுத்திவிட்டு அதே சோதனை. வாளியில் 14, வெளியே 18. வித்தியாசம் நாளுக்கு ஒன்றரைக்கும் குறைவு. குளத்தின் தாள் கிழிந்திருந்தால் பம்பு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கசியத்தானே வேண்டும்? தண்ணீர் போவது அருவிக்குப் போகும் வழியில்.

அருவிக்கு மேலே பத்து மீட்டர் நீளத்தில் ஒரு சிறு வாய்க்கால். அழகுக்காக அதில் சம்பு என்ற நீர்ப்புல்லை நட்டிருந்தார்கள். தம்பி சம்புக் கூட்டத்தை விலக்கிப் பார்த்தார். வேர், வேரோடு வேர், அதற்குள் சேறு. பாய் பின்னியதுபோல் வாய்க்காலின் பாதி ஆழத்தை அடைத்திருந்தது. அடைத்த இடத்தில் தண்ணீர் தேங்கி உயர்ந்து, ஓரத்தில் தாளின் விளிம்பைத் தாண்டி, ஓசையில்லாமல் பின்பக்க மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தாளின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு விரல்கூட இல்லை. பின்னால் இருந்த செம்பருத்தி மட்டும் வளாகத்திலேயே செழிப்பாக நின்றது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அரிவாளால் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்தோம். மூன்றில் ஒரு பங்கு சம்பை மட்டும் தொட்டியில் வைத்துத் திரும்ப இறக்கினோம். தொட்டிக்குள் இருந்தால் வேர் ஓடாது. விளிம்பை 8 சென்டிமீட்டர் தூக்கிக் கல்லடுக்கிப் பிடிப்புக் கொடுத்தோம். மிச்சமிருந்த ஒன்றரை மில்லிமீட்டர், கலிங்குப் பலகைகளின் இடுக்கு வழியாக. அதற்கு ரப்பர் பட்டை. ஊரில் வைக்கோலும் களிமண்ணும் திணிப்பார்கள். இங்கே வைக்கோலுக்கு எங்கே போவது?

தாள் மாற்றும் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஒப்பந்தக்காரர் என்னிடம் இப்போது பேசுவதில்லை.

இவ்வளவும் பழுதுபார்த்தது. நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான்.

மேற்குக் கரையோரம் நான்கு மீட்டர் அகலத்துக்கு ஆழமில்லாத திட்டு ஒன்று இருக்கிறது. கால்மீட்டர் தண்ணீர்தான் நிற்கும். அந்தத் திட்டு முழுக்க ஹைட்ரில்லா பாசி. அறுத்தால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும். மாதம் ஒருமுறை அறுத்து அள்ளுவதற்கு ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். அறுக்க அறுக்க விதைத்துக்கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பி பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “எங்கள் கண்மாயில் இதெல்லாம் நிற்காது ஐயா. சித்திரை வைகாசியில் தரை வெடித்துவிடும். அப்புறம் ஏது பாசி?”

இருபது ஆண்டு கண்மாய்க்கரையில் வளர்ந்த எனக்கு இது தோன்றியிருக்கவில்லை. கண்மாய் என்றால் நிரம்பும், குறையும், காயும். பாசியை வெயில் பார்த்துக்கொள்ளும். இந்தக் குளத்துக்கோ மிதவை வால்வு என்ற ஒன்றை வைத்து, ஆண்டு முழுவதும் ஒரே கோட்டில் தண்ணீரை நிறுத்தி, கோடையே வராமல் செய்துவிட்டோம். பாசிக்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

பலகையை எடுத்து மட்டத்தை 30 சென்டிமீட்டர் இறக்கி, மேற்குத் திட்டை மூன்று வாரம் காயப்போடலாம் என்று குழுவில் சொன்னேன். முகங்கள் சுருங்கின. ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார் ஒருவர். பீஷான் அங் மோ கியோ பூங்காவை எடுத்துக்காட்டினேன். அங்கே 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை 2012இல் வளைந்தோடும் ஆறாக மாற்றித் திறந்தார்கள். வெயில் நாளில் பிள்ளைகள் கல்மேல் கால்வைத்துக் கடக்கலாம். பெருமழையில் அதே இடம் ஆற்றுக்குள் போய்விடும். ஆறு ஏறி இறங்குவதற்கு இடம்விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள், யாரும் அதை அசிங்கம் என்பதில்லை. ஒரு வாக்கு வித்தியாசத்தில் அனுமதி கிடைத்தது.

உரிய இடத்தில் கேட்டுவிட்டு, நாளுக்கு 3 சென்டிமீட்டர் வீதம் பத்து நாளில் இறக்கினோம். வேகமாகத் திறந்தால் சேறு கலங்கி வடிகாலுக்குப் போகும், மீனும் திட்டில் மாட்டிக்கொள்ளும். ஹைட்ரில்லா தரையோடு படிந்து, முதலில் பச்சைத் துணிபோல் கிடந்தது; ஒரு வாரத்தில் பழுப்பேறி, இரண்டாம் வாரம் காலை வைத்தால் அப்பளம்போல் நொறுங்கியது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை அழுகின முட்டை நாற்றம். புகார்க் கடிதங்களின் எண்ணிக்கையைச் சொல்லப்போவதில்லை.

நாற்றத்தைவிடக் கவலை கொசு. திட்டில் எங்கள் காலடிக் குழிகளில் தண்ணீர் நின்றது. ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும். அதற்குக் குளம் தேவையில்லை, ஒரு காலடிக் குழி போதும். நிரம்பியிருந்தபோது கப்பி மீன் புழுவைத் தின்றுவிடும். இப்போது மீன் ஒரு பக்கம், குழி ஒரு பக்கம். மூன்று நாளுக்கு ஒருமுறை தம்பி நீண்ட மட்டப்பலகையால் திட்டை இழுத்துச் சமப்படுத்தினார். நான் கையில் விளக்குடன் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரே ஒரு குழியில் நான்கு புழு நெளிந்தது. அந்தக் குழியை மண்ணள்ளி மூடினோம்.

மார்ச் நடுவில் பலகைகளைத் திரும்பச் செருகினோம். குழாய்த் தண்ணீரால் நிரப்பினால் 330 கன மீட்டர், 1,000 வெள்ளிக்குக் குறையாது. வால்வைத் திறக்கவே இல்லை. பருவம் மாறும் காலத்தில் பிற்பகல் இடிமழை வரும்; 30 மில்லிமீட்டர் மழை ஒன்று போதும், தரை குடித்தது போகப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஏற்றிவிடும். இரண்டு வாரம் ஆகும் என்று நினைத்திருந்தேன். நான்கே நாளில், மூன்று மழையில் நிரம்பிவிட்டது.

தப்பு அங்கேதான் நடந்தது. காய்ந்த பாசியை வாரி எடுத்த பிறகு நிரப்ப வேண்டும் என்பது என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. வாருவதற்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தேன்; மழை காத்திருக்கவில்லை. திட்டில் கிடந்த சருகெல்லாம் ஊறி அழுகத் தொடங்கியது. ஐந்தாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்குப் பாதுகாவலர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அருவியின் கீழே மீன்கள் கூட்டமாக மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. அழுகுவதும் மூச்சுவிடுவதுமாக இரவெல்லாம் உயிர்வளி செலவாகும். செடிகள் பகலில்தான் திருப்பித் தரும். அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் உயிர்வளி மிகக் குறைவு. அதிலும் 30 பாகை சூட்டில் தண்ணீர் முழுதாக நிறைந்தாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராமுக்குமேல் பிடிக்காது. இதெல்லாம் தெரிந்துமா அருவியை இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழுவரை நிறுத்தி வைத்திருந்தோம்? ஆமாம். சத்தம், மின்செலவு.

பம்பை உடனே போட்டோம். பதினொரு கோய் மீன் செத்துவிட்டன. அவற்றில் ஒன்று, எங்கள் புளோக்கில் ஒரு சிறுமி ‘தோசை’ என்று பெயர் வைத்திருந்தது. அவளிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அதற்கப்புறம் அருவி இரவில் ஓடி, பகலில் நான்கு மணிநேரம் ஓய்வெடுக்கிறது.

ஏப்ரலில் மட்டத்தை ஏற்றவும் ஒரு காரணம் வந்தது. குளத்தோரச் செடிகளின் தண்டுகளில், தண்ணீருக்குமேல் ஒரு சாண் உயரத்துக்குள், பளீரென்ற இளஞ்சிவப்பில் பூந்தி ஒட்டியதுபோல் கொத்துக்கொத்தாக முட்டைகள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆப்பிள் நத்தை. தாமரைத் தளிரை விடாமல் மேயும். இது தண்ணீரில் வாழ்ந்தாலும் முட்டையை வெளியேதான் இடும். முட்டை மூழ்கினால் பெரும்பாலும் பொரிக்காது. அனுமதித்த உயரத்துக்குள் 10 சென்டிமீட்டர் பலகை ஒன்று கூட்டிச் செருகி, இரண்டு வாரம் வைத்திருந்தேன். மூழ்கிய கொத்துகள் வெளுத்துக் கரைந்தன. உயரத்தில் இருந்தவற்றைக் கையுறை போட்டு, பழைய கரண்டியால் சுரண்டித் தண்ணீருக்குள் தள்ளினோம். அந்த முட்டையில் நஞ்சு உண்டு, வெறுங்கையால் தொட வேண்டாம். சாம்பார்க் கரண்டி போன இடம் வீட்டில் இன்னும் தெரியாது.

சுமத்ரா பக்கமிருந்து பெருமழையோடு வரும் சூறைக்காற்று விடியலில் அடிக்கும் மாதங்களில், முந்திய நாள் மாலையே அந்தக் கூடுதல் பலகையை எடுத்துவிடுகிறோம். கலிங்குச் சுவரில் சென்டிமீட்டர் கோடுபோட்ட அளவுகோல் ஒன்றைப் பதித்திருக்கிறேன். தினமும் காலை ஏழரைக்குத் தம்பி எண்ணைப் படித்துப் பாதுகாவலர் அறைப் புத்தகத்தில் எழுதுகிறார். மேற்குத் திட்டில் ஹைட்ரில்லா போன ஆண்டின் கால்பங்குகூட இல்லை. ஆனால் சேற்றுக்குள் புதைந்திருக்கும் சிறு கிழங்குகள் காய்ந்தும் சாகவில்லை. போன வாரம் ஓரத்தில் நான்கு இடத்தில் தளிர்விட்டிருந்தது, கிழங்கோடு தோண்டி எடுத்தோம். ஆழமான நடுப்பகுதியில் இருப்பதற்கு இந்த வைத்தியம் எட்டாது. அங்கே நிழலுக்கு அல்லியை வளர்த்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், ஆறு தொட்டி இறக்கியாயிற்று. தம்பி ஜனவரியில் ஊருக்குப் போகிறார், ஒரு மாத விடுப்பு. அடுத்த இறக்கத்தை அவர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். இந்த முறை நாள்காட்டியில் ‘வாருதல்’ என்பதை ‘பலகை செருகுதல்’ என்பதற்கு முன்னால், சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.